வெறும் வில்லையின் வளையம்

மருந்தே படாத வில்லையைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பரிசோதனைக்கூடத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. கிருமிக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. தட்டில் பூசி, கதகதப்பான இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பதினெட்டு மணி நேரத்தில் வளர்ந்து நிற்கும், அந்த நேரத்துக்கு யாராவது வந்து அளந்தே ஆக வேண்டும். குடும்பம் குட்டி என்று இருப்பவர்கள் நைசாக நழுவிக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை முறை வருஷக்கணக்கில் அவள் தலையிலேயே விடிந்துகொண்டிருந்தது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும் என்பதால் அங்கே அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பேர். சொந்தப் பேரைச் சொல்லி அவளைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, பொறுமைதான் வேண்டும். அகன்ற தட்டில் உறைந்திருக்கும் அகார் கூழின் மேல், எந்த மருந்துக்கும் மசியாத கிருமியைப் பஞ்சுக் குச்சியால் பூச வேண்டும். புது மருந்துகளில் தோய்த்த, பொட்டு அளவுக் காகித வில்லைகளை இடுக்கியால் எடுத்து அதன் மேல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். மறுநாள் தட்டு முழுக்க வெள்ளைப் படலமாகக் கிருமி படர்ந்திருக்கும். ஒரு மருந்துக்கு அது கட்டுப்படுகிறது என்றால் அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்து கிடக்கும். அந்த வட்டத்தின் அகலத்தை அளந்து எழுதினால் முடிந்தது. புது மருந்துகளுக்கு இன்னும் பேர் கூட வைக்கவில்லை, ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள்தான். பத்தாவது, வெறும் வில்லை. மற்ற ஒன்பதும் சொல்வது மெய்தானா என்று பார்ப்பதற்காக வைக்கும் கண்ட்ரோல். அதன் விளிம்பை ஒட்டிக் கிருமி வளர்ந்திருக்க வேண்டும்.

வளரவில்லை. மெல்லிசாக, நகக்கண் அளவுக்கு ஒரு வட்டம். ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர்.

ஆனால் அவள் கண் அதில் நிற்கவில்லை. நாலாம் நம்பரைச் சுற்றிப் பளிச்சென்று இருபத்துநாலு மில்லிமீட்டர் தெளிந்து கிடந்தது. அந்தத் தட்டில் பூசியிருந்தது அவள் தம்பியின் தொடையிலிருந்து எடுத்த சீழ். எலும்பு முறிந்து கம்பி வைத்த இடத்தில் கிருமி புகுந்து இரண்டு மாதம் ஆகிறது. கடையில் கிடைக்கிற மருந்து எல்லாம் தோற்றுப்போய், வேறு வழியில்லாதவர்களுக்கு மட்டும் என்று மேலிடத்தில் விசேஷ அனுமதி வாங்கி, இந்த ஒன்பதில் ஒன்றாவது கேட்காதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். மூன்றாவது ஆள் கிடையாது.

உடனே வார்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நாலாம் நம்பர் கேக்குது டாக்டர். இருபத்துநாலு!"

"ஐயோ, நிஜமாவா சொல்றீங்க? இன்னிக்கே ஏத்திடறேன். மத்த மருந்தையெல்லாம் நிறுத்திடலாம், கிட்னி ஏற்கனவே தாங்கல." மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "கண்ட்ரோல் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அவள் பத்தாவது வில்லையைப் பார்த்தாள். இடுக்கியைச் சரியாகத் தீயில் காட்டாமல் எடுத்திருப்பேன், நாலாம் நம்பர் மருந்து துளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், வேறென்ன என்று பழியைத் தூக்கி இடுக்கி மேல் போட்டாள்.

"சரியா இருக்கு டாக்டர்," என்றாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். அதே கிருமியோடு நாள் முழுக்கப் புழங்குகிறவள் என்பதால் அவளை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் ஒரு போன்.

"என்னக்கா, உன் ஸ்கேல் என்ன சொல்லுது?"

"நாலாம் நம்பர்டா."

"அடேங்கப்பா! ஸ்கூல்ல கூட நான் நாலாவது வந்ததில்லையே." சிரிக்கப் பார்த்து இருமினான். "சீக்கிரம் ஏத்தச் சொல்லு. ரெண்டு மாசமா என்னைத் தொடுறது எல்லாம் கையுறைதான்க்கா. மனுஷக் கை எப்படி இருக்கும்னே மறந்துடும் போல."

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். தூங்கியிருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்புப் பக்கம் சனிக்கிழமை காய்ச்சி மறந்துவிட்ட பால் பாத்திரம் கண்ணில் பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் மூடியைத் திறந்தாள். பால் திரியவே இல்லை. முகர்ந்தாள், இப்போதுதான் கறந்த மாதிரி இருந்தது. குப்பைக் கூடையைத் திறந்தாள்; நாலு நாள் பழத்தோல், நாற்றம் இல்லை. நேற்று போட்ட சட்டையின் அக்குளில் வியர்வை வாடை இல்லை. காலையில் எழுந்ததும் வாய் கூட நாறவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தனியாக இருக்கும் வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு, பழைய துணி, ஈரத் துடைப்பம், சிந்திய டீ எல்லாம் சேர்ந்து இது உன் வீடு என்று சொல்லும் ஒரு வாசனை. அது போயிருந்தது. கழுவித் துடைத்து யாரும் குடிவராத வீடு போல இருந்தது.

புதன்கிழமை, பிரிவுத் தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வழுக்கை விழுந்த, நல்ல மனுஷர்.

"ஃப்ரிட்ஜ்ல வச்ச கிருமி எல்லாம் செத்துக் கிடக்கும்மா. பத்து வருஷமா சேத்து வச்சது. அதுவும் உன் டேபிள் பக்கத்து ஃப்ரிட்ஜ் மட்டும்."

அப்போதுதான் டாக்டரம்மாவின் போன் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. ஏறியிருக்கிறது. "மருந்து இன்னும் ஒரு நாள் பாக்கலாம்," என்றாள், குரலில் ஞாயிற்றுக்கிழமையின் உற்சாகம் இல்லாமல். அவள் போனை வைத்தாள். கண்ட்ரோல் சரி என்று சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு தட்டுகள் பூச வைத்தாள், வெறும் வில்லை மட்டும். அவளும் இரண்டு பூசினாள். பிறகு, எல்லாரும் போன பின், ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், அவரையே வில்லை இல்லாமல் கிருமி மட்டும் பூசச் சொல்லி வாங்கியிருந்த எட்டுத் தட்டுகளை மூடி போட்டு மேசை மேல் தன் நாற்காலியைச் சுற்றி வளைவாக அடுக்கினாள். ஒரு மணி நேரம் அவற்றின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. குழாய் சொட்டியது. எங்கேயோ ஒரு கதவு காற்றில் தட்டிக்கொண்டே இருந்தது. எட்டையும் இன்குபேட்டருக்குள் வைத்துப் பூட்டினாள்.

வியாழக்கிழமை திறந்தாள். தலைவர் பூசிய தட்டுகளில் விளிம்பு வரை வெள்ளை, வில்லையை நெருக்கிக்கொண்டு கிருமி. அவள் பூசிய இரண்டிலும் ஒன்றுமே இல்லை. வெறும் அகார், கண்ணாடி போல. நாலாம் நம்பருக்கு விழுந்த வளையமும் மருந்தால் விழுந்ததில்லை. வைக்கும்போது அவள் கை அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

வில்லை இல்லாத எட்டையும் எடுத்து, நேற்று வைத்த மாதிரியே மேசையில் அடுக்கினாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் தெளிவு. இரண்டுக்கும் நடுவில் வளைந்த ஒரு கோடு. முதல் தட்டின் கோடு விட்ட இடத்தில் இரண்டாவது தட்டின் கோடு தொடங்கியது, இரண்டாவது விட்ட இடத்தில் மூன்றாவது. எட்டும் சேர்ந்து ஒரே வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி.

ஸ்கேல் போதவில்லை. நூல் பிடித்து அளந்தாள். இரண்டடி.

தலைவரிடம் சொல்லிப் பார்த்தாள். கதவருகிலேயே நின்று, வாய் குழறி. "என்கிட்டேருந்துதான் சார். நான் உக்கார்ற இடத்துல எதுவும் வளர மாட்டேங்குது."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பிக்கு முடியலன்னா யாருக்கும் இப்படித்தான்மா தோணும். நாலு நாள் வீட்ல இரு. தூங்கு."

வீட்டில் இருந்தாள். சாதாரண அறைச் சூட்டிலேயே வளரும் சாதுவான கிருமி ஒன்றைப் பூசிய தட்டுகளை ஒரு பை நிறைய, நீண்ட கம்பின் நுனியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, கட்டிலிலிருந்து வாசல் வரை அடிக்கு ஒன்றாக வைத்தாள். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் கதவைத் தாழ் போடுவார்கள். இவளுக்குத் தெரிந்தது அளப்பது ஒன்றுதான். பதினெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, புதுத் தட்டு மாற்றி, காலண்டர் ஓரத்தில் எழுதினாள். நாலடி. ஒன்பதடி.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலைச் சுற்றித் தரையில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. குனிந்து பார்த்தாள். எறும்புகள். வரிசையாக வந்து ஒரே இடத்தில் நின்றுபோனவை, ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்து, சுத்தமாக. கோடு கட்டிலைச் சுற்றி முழு வட்டமாக ஓடியது.

அப்படியானால் வளையம் இரண்டு. கிருமிக்கு ஒன்று, பெரிதாக. எறும்புக்கு ஒன்று, அதற்குள்ளே, சின்னதாக.

மேல் வீட்டுக் குழந்தை ஓடும் சத்தம் கேட்டதும் பதறி எழுந்து, அந்தக் காலடிகளுக்கு எதிர் மூலையில் போய் உட்கார்ந்தாள். அது எந்தப் பக்கம் ஓடினாலும் இவள் வேறு பக்கம் நகர்ந்தாள். யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஆனாலும் ஒருவர்கூடத் தட்டவில்லையே என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை காலையில் ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அவள் அறையின் நடுவில் நின்றிருந்தாள். புறா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, உள்பக்கம் இரண்டு காலடி வைத்தது, அப்படியே நின்றது. சிறகடிக்கவில்லை. துடிக்கவில்லை. விசிறியின் சுவிட்சை அணைத்தது போல நின்று, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. நூலை எடுத்து அளந்தாள். நாலடி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரத்தம் முழுக்கப் பரவிடுச்சு. சாயங்காலம் தாண்டுமான்னு தெரியல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. உள்ளேயே வந்து பாருங்க, இனிமே என்ன ரூல்ஸ்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். முதல் ஞாயிற்றுக்கிழமை, கிருமியைத் தவிர வேறு எதையும் தொடாத மூன்று மில்லிமீட்டராக இது இருந்தபோது, ஒரே ஒரு நாள் அவன் காலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமே. கண்ணாடிக்கு வெளியே நின்று நாலாம் நம்பர் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாளே.

அழுதுகொண்டே காலண்டர் ஓரத்தைப் பார்த்தாள். அழுகை நின்றது.

இன்று காலை தட்டுகள் சொன்னபடி கிருமியின் வளையம் இருபத்துநாலடி. புறாவின் வளையம் நாலடி. மனுஷன் புறாவை விடப் பெரிய உயிர். அவனுக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். எதற்கும் எட்டடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எட்டடிக்கு வெளியே, இருபத்துநாலடிக்கு உள்ளே நின்றால்? கிருமி சாகும். தம்பி சாகமாட்டான். மருந்துக்கு அளவு பார்ப்பது போலத்தானே இது. வாழ்நாள் முழுக்க அவள் செய்த வேலைதானே.

பஸ் ஏறவில்லை. ஆளில்லாத பின் சாலைகளில் நடந்தாள், எதிரே ஆள் வந்தால் எதிர்ப் பக்கம் தள்ளி ஒதுங்கி, ஒரு மணி நேரம். லிஃப்டைத் தவிர்த்துப் பின்பக்கப் படிக்கட்டில் நாலு மாடி ஏறி, கனமான இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வார்டின் கடைக்கோடியில் நுழைந்தாள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. நோயாளிகள் வெளியே போய்விடக் கூடாது என்று உள்ளிருந்து சாவி போட்டுத்தான் திறக்கும்படி அதை வைத்திருந்தார்கள்.

நீண்ட வராண்டா. தரையில் இரண்டடிச் சதுர ஓடுகள். ஒதுக்கி வைத்த நோயாளி என்பதால் அவன் அறைக்கு இரு பக்கமும் காலி அறைகள். அந்தக் கோடியில் நர்ஸுகளின் மேசை, மேசை மேல் கம்பியில்லாமல் அவன் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர். அவன் கட்டிலிலிருந்து எண்ணிப் பதினொன்றாவது ஓட்டில் நின்றாள். இருபத்திரண்டு அடி.

"அங்கேயே ஏன் நிக்கறீங்க? உள்ள போங்க," என்று டாக்டரம்மா மறுகோடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இங்கயே நிக்கறேன் டாக்டர். கிட்டப் போனா எனக்குத் தாங்காது."

நின்றாள். பினாயில் வாடை முகத்தில் அடித்தது. டியூப்லைட் ஒன்று ரீங்கரித்தது. அறைக்குள்ளிருந்து அவன் மூச்சு கேட்டது, ஈரத் துணியை இழுப்பது போல. பத்து நிமிஷம். இருபது. அவன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. நீண்டது. சீரானது. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் ஒருத்தி மானிட்டரைத் தட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா எழுந்து நின்றாள்.

"காய்ச்சல் இறங்குது! பிரஷர் ஏறுது! என்னங்க இது, நம்பவே முடியல!"

அவள் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"அக்கா? அக்காதானே அது?"

"படுடா! எழுந்திருக்காதே!"

"வலியே இல்லக்கா! கால் என் கால் மாதிரி இருக்கு!"

சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக. கண் மட்டும் பளபளவென்று. இரண்டு மாதத்துக்குப் பிறகு நடுவில் கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்த்தான்.

"அங்கேயே நில்லு. கிட்ட வராதே."

"ஏன்? நீயும் கையுறை போட்டுட்டுத்தான் தொடுவியா?" என்று சிரித்துக்கொண்டே அடி எடுத்து வைத்தான். ஓட்டின் இடைவெளியில் ஸ்டாண்டின் சக்கரம் ஏறி இறங்கியது. டக்.

அவள் பின்னால் போனாள். ஒரு ஓடு. டக். இன்னொரு ஓடு.

"எங்க ஓடறே? நான் நொண்டி, என்கிட்டயே ஓட்டப் பந்தயமா?"

டக். டக். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். முதுகில் இரும்புக் கதவு முட்டியது. கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை.

ஒன்பது ஓடு. பரவாயில்லை. எட்டடிதான். நாலு ஓடு. இன்னும் ஐந்து இருக்கிறது. எட்டு ஓடு.

"டாக்டர், அவனைப் பிடிங்க! யாராவது பிடிங்க!"

ஏழு.

அப்போதுதான் உறைத்தது. காலண்டரில் எழுதியது எல்லாம் தட்டில் படித்தது. தட்டு சொல்வது எப்போதும் பதினெட்டு மணி நேரப் பழைய சேதி. புறா விழுந்தது நேற்று காலை. அவள் அளந்தது அத்தனையும் நேற்றைய வளையம்.

"தம்பி, நில்லு..."

டக்.

ஆறு.

அவன் நின்றான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஒரு கை அவளை நோக்கி நீட்டியபடி. ஸ்டாண்ட் மட்டும் இன்னும் ஒரு ஓடு தானாக உருண்டு வந்தது. பிறகு அவன் சாய்ந்தான், அவள் பக்கமாக, முகம் குப்புற.

அவளால் போய்த் தூக்க முடியாது. பின்னால் போகவும் முடியாது. கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு கத்தினாள். "வராதீங்க! யாரும் வராதீங்க!"

அக்காவின் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா முதலில் ஓடி வந்தாள். அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்தில் விரல் வைத்தாள். விரலை எடுக்கவில்லை. அப்படியே அவன் முதுகின் மேல் கவிழ்ந்தாள். பின்னாலேயே நர்ஸ். அவள் பின்னால் இன்னொருத்தி, டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே.

 அந்தக் கோடியில் மானிட்டர் ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நிறையப் பேர், ஸ்ட்ரெச்சரோடு. தரையில் கிடந்தவர்களைப் பார்த்தார்கள், அவர்களைத் தாண்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு வாய் திறந்து அலறும் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பாவம், அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று, எல்லாரும் அவளை நோக்கி ஓடி வரத் தொடங்கினார்கள்.